ஹெல்மெட் மாமாவின் கழித்தல் வகுப்பு

புனே நகரத்தில் ஹெல்மெட்டை மனதார விரும்பிப் போட்டுக்கொண்ட ஒரே மனிதர் அவர்தான். இதை நான் எங்கே வேண்டுமானாலும் வந்து சொல்வேன். இந்த ஊர்க்காரர்களுக்கும் ஹெல்மெட்டுக்கும் ஆகவே ஆகாது. போலீஸ் நிற்கும் சிக்னல் கண்ணில் பட்டால் முழங்கையில் தொங்குவது தலைக்கு ஏறும். சிக்னலைத் தாண்டினால் மறுபடி முழங்கைக்கு இறங்கிவிடும். அப்படிப்பட்ட ஊரில், முகம் முழுக்க மூடும் கறுப்பு ஹெல்மெட்டை மாட்டி, அதன் கறுப்புக் கண்ணாடியையும் இறக்கிவிட்டுக்கொண்டு ஒருவர் தினமும் சாயங்காலம் உட்கார்ந்திருப்பார். வண்டியில் இல்லை, பிளாஸ்டிக் நாற்காலியில். எதிரே பிள்ளைகள் தரையில் பாய் விரித்து உட்கார்ந்திருப்பார்கள். நடப்பது பின்னக் கழித்தல் வகுப்பு.

உடனே சிரிக்காதீர்கள். நானும் முதலில் சிரித்தவள்தான். அப்புறம் அந்தப் பருவம் முழுக்கப் பல்லைக் கடித்துக்கொண்டு திரிந்தேன்.

அப்போது நாங்கள் விஷ்ராந்த்வாடியில் குடியிருந்தோம். ஆளந்தி ரோட்டை ஒட்டிய அடுக்குமாடி, லிஃப்ட் பாதி நாள் ஓடாது. தரைத்தளத்தில், மோட்டார் அறைக்குப் பக்கத்து வீடு அவருடையது. கோயம்புத்தூர்க்காரர். ஊருக்கு வெளியே கார் உதிரிபாகம் செய்யும் ஒரு தொழிற்சாலையில் தரப் பரிசோதனை வேலை. வீட்டு வாசலில் அவர் பெயர்ப் பலகை இருந்தது, ஆனால் அதை யாரும் படித்ததில்லை. தமிழ்ப் பிள்ளை, மராட்டிப் பிள்ளை, மலையாளப் பிள்ளை எல்லாருக்கும் அவர் ஹெல்மெட் மாமா. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பெண் பார்க்கப் போன இடத்தில் "எங்க பொண்ணு உங்களோட சந்தோஷமா இருப்பாளா?" என்று கேட்டதற்கு, "அதை நான் எப்படிங்க சொல்றது, இருந்து பாத்துட்டு அவங்கதான் சொல்லணும்" என்று பதில் சொன்னாராம். இப்படி ஒரு கதை எங்கள் கட்டடத்தில் உலவியது. அவரோடு பழகிய பிறகு நான் அதை முழுசாக நம்பினேன்.

என் மகள் நிலா அப்போது ஆறாம் வகுப்பு. கூட்டல் வரும், பெருக்கல் வரும், பாட்டு வரும், என்னை எதிர்த்துப் பேசுவதற்கு மூன்று மொழி வரும். பின்னக் கழித்தல் மட்டும் வராது. முக்காலிலிருந்து அரையைக் கழி என்றால், மேலே மூன்றில் ஒன்று போக இரண்டு, கீழே நாலில் இரண்டு போக இரண்டு, இரண்டுக்கு இரண்டு சரியாகப் போய் விடை ஒன்று என்று எழுதிவைப்பாள். அதாவது, முக்கால் சப்பாத்தியில் அரைச் சப்பாத்தியைப் பிய்த்துத் தின்ற பிறகு தட்டில் முழுச் சப்பாத்தி மிச்சம். அப்படி ஒரு சப்பாத்தி கிடைத்தால் நான் ஏன் தினமும் காலையில் எழுந்து மாவு பிசைகிறேன்?

வகுப்பு மிஸ் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். பின்னத் தேர்வில் நிலா முழுக்கக் கோட்டை விட்டிருக்கிறாள், மறுதேர்வு வைப்போம், அதிலும் தேறவில்லையென்றால் கணக்கு நேரத்தில் மட்டும் அவளை 'ஸ்லோ பேட்ச்'சில் உட்கார வைப்போம் என்றார். மெதுவான பிள்ளைகளாம். சொல்லும்போது முகத்தில் ஒரு கனிவு வேறு. பிள்ளைக்குப் பின்னம் புரியவில்லை என்றால் புரிய வைப்பது யார் வேலை? வேறு அறைக்கு அனுப்பினால் முக்காலும் அரையும் தானாக வந்து விளங்கிவிடுமா? இதையெல்லாம் அங்கே கேட்டிருக்க வேண்டும். "ஓகே மிஸ்" என்று சொல்லிவிட்டு வந்து, வீட்டில் பாத்திரத்திடம்தான் கேட்டேன்.

ஆனால் என்னை உலுக்கியது மிஸ் சொன்னது இல்லை. நிலா கீழே விளையாடப் போவதை நிறுத்திவிட்டாள். அவளோடு படிக்கிற பெண்கள் அதே கட்டடத்தில் இருந்தார்கள், எல்லாருக்கும் விஷயம் தெரியும். நான் என்னவென்று கேட்டதற்கு, "அம்மா, நான் புத்தூ. எனக்கு மேத்ஸ் ஆகாது. விட்டுடு நா" என்றாள். அழுதுகொண்டு சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். பக்கத்துக் கடையில் பால் தீர்ந்துவிட்டது என்று சொல்வதுபோல் சாதாரணமாகச் சொன்னாள். பதினொரு வயதில் ஒரு பிள்ளை தன்னை முட்டாள் என்று முடிவுகட்டி, அதோடு சமாதானமும் ஆகிவிட்டது.

உடனே காசைக் கட்டி ஒரு கணக்கு ஆப் வாங்கினேன். சரியான விடையைத் தொட்டால் பச்சை டிக் வரும், கலர் காகிதம் பறக்கும், கரடி ஒன்று கைதட்டும். நிலா அதில் வெளுத்து வாங்கினாள். எனக்கு ஒரே பெருமை. ஒருநாள் பின்னால் நின்று பார்த்தேன். கணக்கைப் படிக்கவே இல்லை. நாலு விடைகளையும் வரிசையாகத் தொட்டுக்கொண்டே போனாள், எதில் கரடி கைதட்டுகிறதோ அங்கே நிறுத்தினாள். ஒரு பருவக் கட்டணம் கட்டிக் கரடிக்குக் கைதட்டச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன்.

அப்போதுதான் என் வீட்டுக்காரர், செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்காமலே, கீழ் வீட்டு ஹெல்மெட் மாமாவிடம் அனுப்பினால் என்ன என்றார். மறுதேர்வுக்குக் கொஞ்ச நாள்தான் இருந்தது. நிலாவைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு போனேன்.

பார்க்கிங்கில் வகுப்பு நடந்துகொண்டிருந்தது. ஒரு பையன் கணக்கைப் போட்டு முடித்து நிமிர்ந்து பார்த்தான். ஹெல்மெட் கண்ணாடியில் அவன் மூஞ்சிதான் அவனுக்குத் தெரிந்திருக்கும். உள்ளேயிருந்து குடத்துக்குள் பேசுவதுபோல ஒரு குரல் வந்தது.

"கூட்டிப் பாரு கண்ணு."

பையன் பெருமூச்சு விட்டுவிட்டு, தான் எழுதிய விடையோடு கழித்த எண்ணைத் திரும்பக் கூட்டினான். முதலில் இருந்த எண் வந்தால் விடை சரி, வராவிட்டால் தப்பு. இவ்வளவுதான் அந்த வகுப்பின் மொத்தப் பாடத்திட்டம். மாமா எந்த விடையையும் சரி என்று சொல்ல மாட்டார், தப்பு என்றும் சொல்ல மாட்டார். எப்போது பார்த்தாலும் "கூட்டிப் பாரு கண்ணு". கணக்கு வராத பிள்ளையைக் கொண்டுவந்து விட்டால் இன்னொரு கணக்கையும் சேர்த்துப் போடச் சொல்கிறார். இது என்ன நியாயம்?

நான் வாயை அடக்கிக்கொண்டு விஷயத்தைச் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, பிள்ளையை விட்டுட்டுப் போங்க என்றார். அந்தத் தொப்பியைக் கழற்றிவிட்டுப் பேசக் கூடாதா என்று கேட்டேன். கழற்றினார். கழற்றியவுடன் எனக்குப் பாதி புரிந்துவிட்டது. மனுஷனுக்குப் புருவமா அது? இரண்டு கறுப்புக் கம்பளிப் பூச்சிகள் நெற்றியில் உட்கார்ந்திருந்தன, ஒவ்வொன்றும் தன் இஷ்டத்துக்கு ஏறி இறங்கியது. நான் பேசப் பேச இடப்பக்கத்தது பாதி நெற்றிக்குப் போய்விட்டது.

"இதுதானுங்க பிரச்சனை" என்று புருவத்தைத் தொட்டுக் காட்டினார். "பசங்க நோட்டைப் பாக்கறதில்லைங்க அம்மிணி, இதைப் பாத்து எழுதறாங்க. ஒண்ணு போடறது, நிமிர்ந்து பாக்கறது. இது மேல ஏறுச்சுன்னா அழிச்சுட்டு வேற போடறது. இது இறங்கற வரைக்கும் போட்டுட்டே இருப்பாங்க. எனக்கு இதை அடக்கத் தெரியலைங்க. அதான் மூடிட்டேன்."

தொழிற்சாலையிலும் இதே கதைதானாம். பாகத்தைக் கொண்டுவந்து வைக்கிறவன் அளவுமானியைப் பார்க்காமல் இவர் முகத்தையே பார்ப்பானாம். சொல்லிவிட்டு மறுபடி ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டார். எனக்குச் சிரிப்பதா கோபப்படுவதா என்று தெரியவில்லை. வழக்கம்போல் கோபப்பட்டேன்.

அன்று இரவு வீட்டில் நிலாவுக்கு ஒரு கணக்குக் கொடுத்துவிட்டு, முதல் முறையாக அவள் கண்ணைக் கவனித்தேன். விடையை எழுதினாள். நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். என் மூக்கு விடைத்தது போலிருக்கிறது, உடனே அழித்தாள். வேறொன்று எழுதினாள், மறுபடி பார்த்தாள். நான் உதட்டைக் கடித்தேன், அதையும் அழித்தாள். மூன்றாவதாக எழுதியபோது என்னையறியாமல் மூச்சு விட்டேன், பென்சிலைக் கீழே வைத்துவிட்டாள். வீட்டுப்பாடம் எல்லாம் சரியாகவும் தேர்வெல்லாம் தப்பாகவும் வந்த மர்மம் எனக்கு அப்போது விளங்கியது. இவளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்ததெல்லாம் என் மூக்கு. தேர்வு அறைக்குள் என் மூக்கை விட மாட்டார்கள்.

மறுநாள் சாப்பாட்டு மேஜையில் நான் முகத்தைச் சுற்றித் துப்பட்டா கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். இந்த ஊர்ப் பெண்கள் வெயிலுக்கும் புகைக்கும் பயந்து ஸ்கூட்டர் ஓட்டும்போது கட்டுவார்களே, கண் மட்டும் தெரிகிற மாதிரி, அதே கட்டு. மேலே ஒரு கறுப்புக் கண்ணாடி. என் வீட்டுக்காரர் ஆபீஸிலிருந்து வந்து, இந்த நேரத்தில் வண்டியை எடுத்துக்கொண்டு எங்கே கிளம்புகிறாய் என்றார். எங்கேயும் இல்லை, நிலாவுக்குக் கணக்குச் சொல்லித் தருகிறேன் என்றேன். மறுபேச்சுப் பேசாமல் போய்க் காபியை அவரே போட்டுக்கொண்டார். அந்தத் துப்பட்டாவால் கிடைத்த முதல் நன்மை அதுதான்.

ஆனால் மாமாவோடு என் சண்டை ஓயவில்லை. தினமும் வகுப்பு முடிந்ததும் போய், நிலா தேறுவாளா என்று கேட்பேன். "எனக்கு எப்படிங்க தெரியும்?" என்பார். கேட்டீர்களா அநியாயத்தை? டாக்டரிடம் போனால்கூட இரண்டு வார்த்தை ஆறுதலாகச் சொல்கிறார். இவருக்கு என்ன வந்தது? ஒருநாள் சமாதானமாகப் போவோம் என்று கிண்ணத்தில் ரசம் கொண்டுபோய்க் கொடுத்து, நன்றாக இருக்கிறதா என்றேன். நீங்க குடிச்சுப் பாத்தீங்களா என்று திருப்பிக் கேட்டார். கிண்ணத்தைப் பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

இன்னொரு நாள், மேல் மாடிக்குப் புதிதாகக் குடிவந்த அம்மாள் பார்க்கிங்கில் நுழைந்தார். கறுப்பு ஹெல்மெட் போட்ட ஆள், சுற்றிலும் பேச்சு மூச்சில்லாமல் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள். பாவம், அவர் என்ன நினைப்பார்? அலறிய அலறலில் வாட்ச்மேன் தடியோடு ஓடிவந்தான். இவ்வளவு களேபரத்திலும் பிள்ளைகள் தலைதூக்கவில்லை, கூட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மாமா மட்டும் எழுந்து அந்த அம்மாளுக்குக் கும்பிடு போட்டார். ஹெல்மெட்டோடு. அந்த அம்மாள் இன்னும் உரக்க அலறினார்.

அவர் மேல் எனக்கு லேசான மரியாதை வந்தது ஒரு பிளம்பரால். இந்த ஊருக்கு வந்த புதிதில் "பௌனே பாஞ்ச்" மணிக்கு வருகிறேன் என்றான் அவன். பாஞ்ச் என்றால் ஐந்து, பௌனே என்றால் முக்கால், ஆக ஐந்தே முக்கால் என்று கணக்குப் போட்டு, அதற்குள் ஆபீஸிலிருந்து ஓடிவந்து உட்கார்ந்திருந்தேன். அவன் ஐந்துக்குக் கால் மணி முன்பே வந்து, பூட்டைப் பார்த்துவிட்டுப் போயிருந்தான். நாலே முக்காலுக்கு நாலே முக்கால் என்று சொல்ல வேண்டியதுதானே நியாயம்? இவர்கள் நாலே முக்காலுக்கு 'ஐந்தில் கால் குறைவு' என்கிறார்கள். தமிழ் வீட்டிலிருந்து வருகிற அத்தனை பேரும் இதில் ஒரு முறையாவது விழுந்திருக்கிறோம். வருஷக்கணக்காக இந்த ஊர் மேல் எனக்கு இந்த ஆத்திரம் இருந்தது.

மாமாவோ இதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். இந்த ஊரில் மணி சொல்வதே ஒரு பின்னக் கழித்தல்தான், தினமும் காதில் விழுகிற ஒன்றுக்கு எதற்குப் பயம் என்று பிள்ளைகளிடம் சொல்வாராம். பௌனே பாஞ்சிலிருந்து ஸவா தோ போனால் எவ்வளவு என்று கேட்பார். அதாவது நாலே முக்காலில் இரண்டே கால் போக எவ்வளவு என்று. பிள்ளைகள் "டாயீ" என்று கத்துவார்கள், இரண்டரை. கத்தி முடித்த கையோடு, அவர் வாயைத் திறக்கும் முன்பே, அவர்களே கூட்டிப் பார்க்கவும் ஆரம்பிப்பார்கள். நிலாவும் கத்தினாள். மாடிப் படியில் நின்று கேட்டேன். அவள் குரல் தனியாகத் தெரிந்தது.

மறுதேர்வு வந்தது. நிலா எழுதிவிட்டு வந்தாள். எப்படி எழுதினாய் என்றேன். எல்லாம் சரி என்றாள். எப்படித் தெரியும் என்றேன். என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு டிவி போடப் போய்விட்டாள்.

இரண்டு நாள் கழித்துப் பள்ளிக்கூடத்திலிருந்து போன். எல்லாக் கணக்கும் சரியாம். நான் சந்தோஷப்பட வாயைத் திறந்தேன், அதற்குள் மிஸ் அடுத்ததைச் சொல்லிவிட்டார். போன தேர்வில் ஒன்றுகூடச் சரியாகப் போடாத பெண் இதில் எல்லாவற்றையும் சரியாகப் போட்டிருப்பது இயல்பாக இல்லை. வகுப்புக்கே சேர்த்து வைத்த தேர்வு, பக்கத்தில் உட்கார்ந்தது வகுப்பிலேயே முதலாவது பெண். நாளைக்கு நீங்கள் வந்து பேசினால் நல்லது.

தப்பாகப் போட்டால் மந்தம், சரியாகப் போட்டால் திருட்டு. அப்படியென்றால் என் பிள்ளை என்னதான் செய்ய வேண்டும்? பாதி சரியாகவும் பாதி தப்பாகவும் போட்டுக் காட்டினால் இவர்களுக்கு மனசு ஆறுமா? நிலாவிடம் சொன்னதும் அவள் முகம் செத்துவிட்டது. "இனிமே நான் சரியாவே எழுத மாட்டேம்மா" என்றாள். புத்தூ என்று சொன்னபோதுகூட நான் இப்படிப் பயந்ததில்லை.

நேரே கீழே இறங்கி மாமா வீட்டுக் கதவைத் தட்டினேன். நாளைக்கு நீங்கள் என்னோடு பள்ளிக்கூடத்துக்கு வந்தே ஆக வேண்டும், இவளுக்குக் கணக்குத் தெரியும் என்று சாட்சி சொல்ல வேண்டும் என்றேன். தொழிற்சாலைக்கு லீவு சொல்லிவிட்டு வந்தார். வந்தாரே தவிர, வாசலிலேயே தகராறு. ஹெல்மெட்டோடு உள்ளே விட மாட்டேன் என்றான் காவலாளி. மாமா கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். புருவம் இரண்டும் வெளிச்சத்தில் கூசி நின்றன.

மிஸ்ஸின் அறையில் நாங்கள் நாலு பேர். நான் இருக்கிற ஹிந்தியையெல்லாம் திரட்டி, இவர்தான் சொல்லிக்கொடுத்தவர், இவரையே கேளுங்கள் என்றேன். இந்தப் பெண்ணுக்குப் பின்னக் கழித்தல் தெரியும் என்று நீங்கள் உறுதி சொல்கிறீர்களா என்று மிஸ் கேட்டார். நான் நிம்மதியாகச் சாய்ந்து உட்கார்ந்தேன்.

"எனக்கு எப்படி மேடம் தெரியும்?" என்றார் மாமா, தன் அரைகுறை ஹிந்தியில். "ஒரு கணக்கு குடுத்துப் பாருங்க."

என் வாழ்க்கையில் யாரையாவது நிஜமாகவே கழுத்தை நெரிக்கலாம் என்று தோன்றியது அந்த நிமிஷத்தில்தான். அது போதாதென்று எழுந்துபோய், சுவரில் ஒட்டியிருந்த இந்திய வரைபடத்துக்கு நேராக முகத்தை வைத்துக்கொண்டு திரும்பி நின்றுவிட்டார். சாட்சி சொல்லக் கூட்டிவந்த ஆள், வகுப்பில் தண்டனை வாங்கிய பையன் மாதிரி சுவரைப் பார்த்து நிற்கிறார். எதற்கு என்று எனக்குத் தெரியும். மிஸ்ஸுக்குத் தெரியாது. அவருக்கு உடம்பு சரியில்லையா என்று என்னைக் கேட்டார்.

மிஸ் ஒரு வெள்ளைத் தாளில் கணக்கை எழுதினார். 5 1/6-லிருந்து 2 3/4-ஐக் கழிக்க வேண்டும். நிலா பென்சிலை எடுத்தாள். கீழெண்களைப் பன்னிரண்டாக்கி, 5 2/12, 2 9/12 என்று எழுதினாள். இரண்டில் ஒன்பது போகாது. ஐந்திடம் ஒன்று கடன் வாங்கினாள். அங்கேதான் சறுக்கினாள். முழு எண்ணில் செய்கிற பழக்கத்தில், கடன் வாங்கிய ஒன்றை இரண்டுக்குப் பக்கத்தில் வைத்துப் பன்னிரண்டாக்கிவிட்டாள். பன்னிரண்டில் ஒன்பது போக மூன்று. விடை 2 3/12 என்று எழுதினாள்.

துப்பட்டா கைப்பையில் இருந்தது, முகத்தை என்ன செய்வது என்று தெரியவில்லை. மிஸ்ஸோ பிள்ளையைப் பார்த்துக் கனிவாகச் சிரித்தார். நான்தான் சொன்னேனே என்கிற சிரிப்பு அது. ஆனால் ஒரு பிள்ளை பார்த்தால், சபாஷ், சரியாகப் போட்டுவிட்டாய் என்றுதான் எடுத்துக்கொள்ளும். அந்தச் சிரிப்பை நம்பி நிலா பென்சிலைக் கீழே வைத்தால் முடிந்தது.

நிலா அந்தச் சிரிப்பைப் பார்க்கவே இல்லை. என் மூக்கையும் பார்க்கவில்லை. தாளின் ஓரத்தில் விடையையும் கழித்த எண்ணையும் எழுதிக் கூட்ட ஆரம்பித்தாள். மூன்றும் ஒன்பதும் பன்னிரண்டு. பன்னிரண்டில் பன்னிரண்டு என்றால் ஒன்று. இரண்டும் இரண்டும் நாலு, ஆக ஐந்து. பென்சில் நின்றது.

"ஆறுல ஒண்ணு எங்க போச்சு?" என்றாள் தனக்குத்தானே.

அவள் மேலே போய் ஒவ்வொரு வரியாகத் தேடினாள். கடன் வாங்கிய இடத்துக்கு வந்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டாள். வாங்கிய ஒன்று பன்னிரண்டு பங்கு. கையில் இருக்கிற இரண்டோடு சேர்த்தால் பதினாலு. பதினாலில் ஒன்பது போக ஐந்து. பழைய விடையை அடித்துவிட்டு 2 5/12 என்று எழுதினாள். மறுபடி கூட்டினாள். ஐந்தும் ஒன்பதும் பதினாலு, அதில் பன்னிரண்டு போனால் ஒன்று, மிச்சம் பன்னிரண்டில் இரண்டு, அதாவது ஆறில் ஒன்று. மொத்தம் 5 1/6.

பென்சிலைக் கீழே வைத்தாள். "ஹோ கயா மிஸ். சரியா இருக்கு" என்றாள். கேள்வியாகக் கேட்கவில்லை, தகவலாகச் சொன்னாள்.

மிஸ் அந்தத் தாளை எடுத்து, விடையை விட்டுவிட்டு, அடித்துப் போட்ட பழைய விடையையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் நிலாவிடம் ஸாரி சொன்னார். பார்த்து எழுதுகிற பிள்ளை தன் தப்பைத் தானே தேடிப் பிடிக்காது என்று என்னிடம் சொன்னார். நல்ல பெண்மணிதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் ஒரு நாள் முழுக்க என் பிள்ளை சோறு இறங்காமல் கிடந்ததற்கு அந்த ஒரு ஸாரி போதாது என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

சுவர்ப் பக்கம் நின்றவருக்கு இதெல்லாம் ஒன்றும் தெரியாது. முடிந்ததா, திரும்பலாமா என்று கேட்டார். திரும்புங்க என்றேன், பல்லிடுக்கில்.

வெளியே மைதானத்துக்கு வந்ததும் அவரைப் பிடித்துக்கொண்டேன். ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை, இவளுக்குத் தெரியும் என்று சொல்லியிருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும் என்றேன். அவள் மறுபடியும் தப்பாகப் போட்டிருந்தால், கூட்டிப் பார்க்க மறந்திருந்தால், உங்கள் கொள்கையைக் கொண்டுபோய் எந்தக் குப்பையில் கொட்டியிருப்பீர்கள் என்றேன். என் பிள்ளையை வைத்து விளையாட உங்களுக்கு யார் உரிமை கொடுத்தது என்றேன். போகிற வருகிறவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவர் ஹெல்மெட்டை இரண்டு கையிலும் பிடித்துக்கொண்டு அத்தனையையும் வாங்கிக்கொண்டார்.

அப்போது இடைவேளை மணி அடித்தது. வகுப்புகளிலிருந்து பிள்ளைகள் கொட்டிக்கொண்டு வந்தார்கள். எங்கள் கட்டடத்துப் பெண்கள் நிலாவைப் பார்த்துக் கையசைத்தார்கள். எதற்கும் என் முகத்தைப் பார்த்து, போகலாமா என்று கண்ணாலேயே அனுமதி கேட்டுவிட்டுப் போகிற பிள்ளை அவள். நானும் சரி என்று தலையாட்டத் தயாராக நின்றேன். அவள் பையை என் கையில் திணித்துவிட்டு ஓடினாள். திரும்பிப் பார்க்கவே இல்லை.

எனக்குச் சந்தோஷமா வருத்தமா என்று சொல்லத் தெரியவில்லை. இதை யாரிடமாவது சொல்ல வேண்டும் என்று பக்கத்தில் நின்ற மனிதரைத் திரும்பிப் பார்த்தேன். அவர் அவசர அவசரமாக ஹெல்மெட்டைத் தலையில் மாட்டிக்கொண்டிருந்தார். கொஞ்சம் தாமதமாகிவிட்டது. கண்ணாடி இறங்குவதற்குள் நான் பார்த்துவிட்டேன். புருவம் இரண்டும் நெற்றி உச்சியில் இருந்தன, கண் இரண்டிலும் நீர் தளும்பி நின்றது.

திட்டுவதற்கு இன்னும் எவ்வளவோ பாக்கி வைத்திருந்தேன். "ராத்திரி நம்ம வீட்டுல சாப்பிட வந்துடுங்க" என்றுதான் வாயில் வந்தது. இவ்வளவு எரிச்சல் மூட்டிய ஒரு மனிதரை எனக்கு இவ்வளவு பிடித்துப்போகும் என்று யார் கண்டது.